எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு எந்த ஹார்மோன் மருந்து? ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரை நெடுகிலும் மாதவிடாய் வலிக்கு மருந்து சாப்பிடும் பெண்களும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அலையும் அம்மாமார்களும் கேட்கும் கேள்விகள் இவை. எண்டோமெட்ரியோசிஸ் என்று டாக்டர் சொல்லியிருப்பார், அல்லது அப்படி இருக்கலாம் என்று சந்தேகப்படுவார். மாத்திரையா, ஊசியா, கருப்பைக்குள் வைக்கும் சுருளா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிற்பவர்களுக்காக எழுதியிருக்கிறேன். யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

மாதவிடாய் என்றால் வலிக்கத்தானே செய்யும்? இதற்கு எதற்குத் தனியாக ஒரு பெயரும் மருந்தும்?

முதல் நாள் அடிவயிறு இழுத்துப் பிடித்து, ஒரு மாத்திரை போட்டால் அடங்குகிறது என்றால் சரி. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மாதாமாதம் லீவு போட வைக்கும் வலி, பாசி எடுக்கப் போக முடியாமல் சுருண்டு படுக்க வைக்கும் வலி, மாதவிடாய் முடிந்த பிறகும் விடாத வலி, தாம்பத்தியத்தின்போது உள்ளுக்குள் குத்துவது, அந்த நாட்களில் மலம் கழிக்கப் போனால் உயிர் போவது, இதெல்லாம் சாதாரணம் இல்லை.

கருப்பையின் உட்சுவரில் இருப்பது போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில் வளரலாம், குடல் மேல் ஒட்டலாம், வயிற்றின் உள்ளுறையில் புள்ளி புள்ளியாகப் படியலாம். மாதந்தோறும் ஏறி இறங்கும் ஹார்மோனுக்கு அதுவும் ஆடுகிறது. அழற்சி வருகிறது, தழும்பு விழுகிறது, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. “எங்கம்மாவுக்கும் இப்படித்தான் வலிக்கும்” என்று பலர் சொல்வார்கள். அதைத் தவறாமல் டாக்டரிடமும் சொல்லுங்கள். நெருங்கிய ரத்த உறவில் இருந்தால் வருவதற்கான வாய்ப்பு கூடுதல்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறதே. அப்போது வலி மனப்பிரமையா?

இல்லை. சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் சாக்லேட் கட்டி ஸ்கேனில் நன்றாகத் தெரியும். உள்ளுறையில் மெல்லிசாகப் படிந்திருக்கும் புள்ளிகள் பெரும்பாலும் தெரியாது. வலியின் அளவுக்கும் நோயின் அளவுக்கும் நேர்த் தொடர்பும் கிடையாது. பெரிய கட்டியோடு வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் உண்டு, நாலு புள்ளிக்கே துடிப்பவர்களும் உண்டு.

முன்பெல்லாம் துளை போட்டு லேப்ராஸ்கோபி செய்து கண்ணால் பார்த்தால்தான் உறுதி என்பார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கமான ஈஷ்ரே 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த நிலை மாறிவிட்டது. அறிகுறியும் பரிசோதனையும் பொருந்தி வந்தால், அறுவை சிகிச்சைக்குக் காத்திராமல் ஹார்மோன் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம். இன்னொன்று, சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து இந்த நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் பணம் கட்டுவதற்கு முன் “இது எதற்கு டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஹார்மோன் மருந்து உள்ளே போய் என்னதான் செய்கிறது?

இந்தத் திசுவுக்குத் தீனி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். எல்லா ஹார்மோன் மருந்துகளும் ஏதோ ஒரு வழியில் அந்தத் தீனியைக் குறைக்கின்றன, அல்லது திசுவைச் சுருங்க வைக்கின்றன. சில மருந்துகள் முட்டை வெளிவருவதை நிறுத்தும். சில, மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் கட்டளையையே நிறுத்தும். நோயை இவை வேரோடு எடுப்பதில்லை. போடும் வரை அடக்கி வைக்கும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், “ஆறு மாதம் போட்டும் குணமாகவில்லையே” என்ற ஏமாற்றம் இருக்காது.

மாதவிடாயே வராமல் போனால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?

எனக்குத் தெரிந்து மருந்து பாதியில் நிற்பதற்கு முதல் காரணம் இந்தப் பயம்தான். அதுவும் மாமியார் வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டால் போதும், மறுநாள் அட்டை பரண் மேல் போய்விடும். மருந்து போடும்போது கருப்பையின் உட்சுவர் தடிக்கவே தடிக்காது. தடிக்காததால் உதிர ஒன்றுமில்லை. எதுவும் தேங்குவதில்லை, உடம்பில் எங்கும் ஏறுவதும் இல்லை. சொல்லப்போனால், மாதவிடாய் வராமல் இருப்பதுதான் இந்தச் சிகிச்சையில் நாம் எதிர்பார்ப்பது. மருந்தே போடாமல் மாதக்கணக்கில் வரவில்லை என்றால் அது வேறு விஷயம், அதற்குப் பரிசோதனை வேண்டும்.

சரி, இருப்பதிலேயே பவர் அதிகமான மருந்து எது?

எல்லோரும் கேட்பது இதைத்தான். வலியைக் குறைப்பதில் முக்கியமான மருந்துகளுக்குள் நாம் நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் பக்கவிளைவில், விலையில், தினசரி வாழ்க்கையோடு ஒத்துப்போவதில் இருக்கிறது.

இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மருந்தின் 2 மில்லிகிராம் மாத்திரையையும் லியூப்ரோலைடு மாத ஊசியையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் ஐரோப்பிய ஆய்வு 2010-இல் வந்தது. 252 பெண்கள், 24 வாரம். 100-க்குப் போடும் வலி அளவுகோலில் மாத்திரை போட்டவர்களுக்கு 47.5, ஊசி போட்டவர்களுக்கு 46 என்று இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தது. உடம்பு கொதிப்பதும் எலும்பு தேய்வதும் ஊசிப் பக்கம்தான் கூடுதல். ‘ஊசி என்றால் வேகம், மாத்திரை என்றால் மந்தம்’ என்று நம் ஊரில் இருக்கும் நினைப்புக்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது, 2024-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ப்ரீ-எம்ப்ட் ஆய்வு. பிரிட்டனில் 34 மருத்துவமனைகளில், எண்டோமெட்ரியோசிஸுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 405 பெண்கள். ஒரு பிரிவுக்கு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்த தினசரி கலப்பு மாத்திரை. மறு பிரிவுக்கு மூன்று மாத ஊசி அல்லது ஹார்மோன் சுருள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் வலி மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றே, அறுவை சிகிச்சைக்கு முன் இருந்ததை விடச் சுமார் 40 சதவீதம் குறைவு. ஆனால் மறுபடி அறுவை சிகிச்சையோ வேறு மருந்தோ தேவைப்பட்டது மாத்திரைப் பிரிவில் 97, ஊசி-சுருள் பிரிவில் 73. தினமும் நினைவு வைத்துப் போட வேண்டியதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்த 40 சதவீதத்தையும் கவனியுங்கள். வலி பூஜ்யமாகிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம்.

வலி குறைந்ததா, வாழ்க்கை சீரானதா என்று எப்படி அளக்கிறார்கள்?

ஆக்ஸ்ஃபோர்டில் உருவாக்கிய இஎச்பி-30 என்ற 30 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது. வலி மட்டுமில்லை, நோய் தன் பிடியில் இருக்கிறதா, மனநிலை, வீட்டார் புரிந்துகொள்கிறார்களா, தன் உருவத்தைப் பற்றிய எண்ணம் என்று ஐந்து பகுதிகளாகக் கேட்கும். 0 முதல் 100 வரை மதிப்பெண், குறைந்தால் நல்லது.

நமக்கு அந்தத் தாள் தேவையில்லை. சுவரில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். தினமும் படுக்கும் முன் அந்தத் தேதிக் கட்டத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். வலி மாத்திரை போட்டிருந்தால் ஒரு ‘மா’. ரத்தக்கறை பட்டிருந்தால் ஒரு புள்ளி. வேலைக்கோ பள்ளிக்கோ போகவில்லை என்றால் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. மருந்து தொடங்கும் முன் ஒரு மாதம், தொடங்கிய பின் மூன்று மாதம் இப்படிப் போட்டால், கோடுகள் குறைகின்றனவா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஓபியில் டாக்டர் உங்களுக்குக் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான். “எப்படிம்மா இருக்கு?” என்றதும் “பரவாயில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுவதை விட, அந்தக் காலண்டர் தாளை மேஜையில் வைப்பது மேல். கட்டி இரண்டு மில்லிமீட்டர் குறைந்ததா என்பதை விட, போன மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் இலவசமாகக் கிடைக்கிறதே. அதுவே போதுமா?

பலருக்கு அதுவே நல்ல தொடக்கம். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கலப்பு மாத்திரை அது. அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். 21-இல்தான் ஹார்மோன். நிறம் மாறி இருக்கும் கடைசி 7 வெறும் இரும்புச் சத்து. அந்த ஏழு நாளில் மாதவிடாய் வரும், அதோடு வலியும் வரும். அதனால் எண்டோமெட்ரியோசிஸுக்குப் பல டாக்டர்கள் அந்த ஏழை விட்டுவிட்டு, அடுத்த அட்டையின் 21-ஐ இடைவெளியில்லாமல் தொடரச் சொல்வார்கள். மாதவிடாய் வலிக்கு இது கூடுதல் பலன் தரும். நீங்களாகச் செய்ய வேண்டாம், கேட்டுச் செய்யுங்கள். இரும்புச் சத்து குறைவாக இருந்தால் அதற்குத் தனி மாத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

யாருக்கு இது ஆகாது: பார்வையில் மின்னல் போலத் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், குழந்தை பிறந்து சில வாரங்களே ஆனவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள். ரத்தம் உறையும் ஆபத்து, இந்த வகை மாத்திரை போடும் 10,000 பெண்களில் வருடத்துக்கு 5 முதல் 7 பேருக்கு. போடாதவர்களில் 2 பேருக்கு. கூடுதல்தான், ஆனால் கர்ப்ப காலத்தில் இருக்கும் ஆபத்தை விடக் குறைவு.

அதே இடத்தில் கிடைக்கும் ‘சாயா’ மாத்திரை வேறு. அது கருத்தடைக்கான ஹார்மோன் அல்லாத மாத்திரை. இதற்குப் பதில் அதை வாங்கி வந்துவிடாதீர்கள்.

டயனோஜெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதை விடாமல் போட வேண்டுமா?

ஆமாம். தினம் 2 மில்லிகிராம், ஒரே நேரத்தில், இடைவெளி இல்லாமல். ஈஸ்ட்ரோஜன் ஆகாதவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. முதல் மூன்று மாதம் விட்டு விட்டு ரத்தக்கறை படும். இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புவதால்தான் பலர் இரண்டாவது அட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆட்கள் நிறைந்த படகில் போய் இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் காலையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்ணுக்கு, எப்போது கறை படும் என்று தெரியாமல் இருப்பது சின்ன விஷயமா? துணி மாற்ற மறைவிடம் கிடையாது. உப்புத் தண்ணீரில் ஊறிய துணி தொடையைப் புண்ணாக்கும். அதனால், முடிந்தால் வேலை குறைவாக இருக்கும் மாதங்களில் தொடங்குங்கள். கறை போகப் போகக் குறைந்து பலருக்கு நின்றுவிடும்.

தலைவலி, முகப்பரு, மார்பகத்தில் வலி வரலாம். மனம் சோர்ந்து போவதும் இதன் பக்கவிளைவுதான். காரணமில்லாமல் அழுகை, எதிலும் நாட்டமின்மை என்றால் “புள்ளைக்குக் காத்து கருப்பு” என்று மந்திரிக்கப் போகும் முன் மருந்து எழுதிய டாக்டரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும்.

இதை மட்டும் கருத்தடையாக நம்பக் கூடாது, ஆணுறை போல வேறொன்று தேவை. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் சாப்பிடுபவர்களுக்கு டயனோஜெஸ்ட், கலப்பு மாத்திரை இரண்டுமே வேலை செய்யாமல் போகலாம்.

திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட ஒரு மாத்திரை போடுவோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

நல்ல கேள்வி. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வருபவர்களும், ஊரில் முளைப்பாரி எடுப்பவர்களும், கல்யாண வீட்டுப் பெண்களும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் அந்த மாத்திரை பெரும்பாலும் நாரெதிஸ்டிரோன். அதே மருந்தைத் தினசரி, மாதக்கணக்கில் எண்டோமெட்ரியோசிஸுக்கும் கொடுக்கிறார்கள். விலை குறைவு, பழகிய மருந்து, வலிக்கும் கேட்கும். முகப்பரு, எடை கூடுவது, கொழுப்பு அளவு மாறுவது போன்றவை வரலாம்.

ஆனால் விழாவுக்காக நாலு நாள் போட்டு நிறுத்துவது சிகிச்சை இல்லை. நிறுத்தியதும் வரும் மாதவிடாய் சில சமயம் கூடுதலாக வலிக்கும். ஏற்கெனவே டயனோஜெஸ்டோ கலப்பு மாத்திரையோ போடுபவர் அதன்மேல் இதையும் வாங்கிப் போடக் கூடாது.

காப்பர்-டி வைத்தால் வலி போய்விடும் என்று சொன்னார்களே?

காப்பர்-டி இல்லை, ஹார்மோன் சுருள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவம். வேலை நேரெதிர். பிரசவம் ஆனவுடன் அரசு மருத்துவமனையில் வைக்கும் காப்பர்-டி ரத்தப்போக்கையும் வலியையும் கூட்டவே செய்யும். அதை வைத்த பிறகு வலி அதிகமானது என்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

ஹார்மோன் சுருளில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் இருக்கும். கருப்பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்யும். ரத்தத்தில் கலக்கும் அளவு குறைவு, மாத்திரையை மறக்கும் பேச்சே இல்லை. ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளும் இதைக் கெடுப்பதில்லை. முதல் மூன்று முதல் ஆறு மாதம் கறை படும். வைக்கும்போது வலிக்கும், வலி மருந்து கேட்க வெட்கப்பட வேண்டாம். கையில் ஒரே தடவையாகக் காசு வேண்டும் என்பதுதான் பலருக்கு இடிக்கிறது. ஐந்து வருட மாத்திரைச் செலவோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இது முட்டை வெளிவருவதை நிறுத்தாது. ஆகவே சினைப்பையில் மறுபடி மறுபடி சாக்லேட் கட்டி வருபவர்களுக்கு மாத்திரைதான் சரி என்று டாக்டர் சொல்லலாம்.

கடலில் நீந்தலாமா, மூழ்கலாமா என்றால் தாராளமாக.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி?

அரசு 2017 முதல் கருத்தடைக்காக இலவசமாகப் போடும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் ஊசிதான் அது. இந்த வலிக்கும் பலன் உண்டு. தங்கச்சிமடத்திலிருந்து மாதாமாதம் ராமநாதபுரம் போய்வர முடியாதவர்களுக்கு வசதி. போட்ட பின் பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுக்க முடியாது, மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நிறுத்திய பிறகு கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது. எனவே அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். எடை கூடலாம், எலும்பின் அடர்த்தி குறையலாம். வளரும் வயதுப் பெண்களுக்கு யோசித்துத்தான் போட வேண்டும்.

2024-இல் பிரான்சில் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், இந்த ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு மெனின்ஜியோமா என்ற மூளையுறைக் கட்டி வரும் வாய்ப்பு 5.6 மடங்கு என்று தெரிந்தது. அந்தக் கட்டி அரிதானது, பெரும்பாலும் புற்று அல்ல. மடங்கு பெரிதாகத் தெரிந்தாலும் ஆட்களின் எண்ணிக்கை சிறியது. ஹார்மோன் சுருளுக்கு அந்த ஆபத்து அதே ஆய்வில் காணப்படவில்லை.

மாத ஊசி போட்டால் மாதவிடாய் நின்ற வயது போல ஆகிவிடும் என்கிறார்களே?

லியூப்ரோலைடு, கோசெரெலின் வகை ஊசிகளைச் சொல்கிறீர்கள். உண்மைதான், தற்காலிகமாக. ஈஸ்ட்ரோஜனைக் கிட்டத்தட்ட அடியோடு நிறுத்துவதால் உடம்பு கொதிக்கும், வியர்க்கும், தூக்கம் கெடும், பெண்ணுறுப்பு வறளும், எலும்பு மெலியும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இந்தக் கொதிப்பையும் தாங்குவது லேசான காரியமில்லை. முதல் ஒன்றிரண்டு வாரம் வலி கூடிப் பிறகு குறையும், பயப்பட வேண்டாம். எலும்பைக் காக்கக் கொஞ்சம் ஹார்மோனைத் திருப்பிக் கொடுப்பார்கள், அதைக் கட்டாயம் கேளுங்கள். அது இல்லாமல் ஆறு மாதத்துக்கு மேல் போடுவதில்லை. மாத்திரை, சுருள் எதற்கும் அடங்காதவர்களுக்கு இரண்டாவது வரிசை மருந்து என்றுதான் ஈஷ்ரே வழிகாட்டியும் இதை வைக்கிறது.

இதே வழியில் வேலை செய்யும் மாத்திரைகளும் வந்துவிட்டன. எலகோலிக்ஸுக்கு அமெரிக்கா 2018-இலும், ரெலுகோலிக்ஸோடு ஈஸ்ட்ரோஜனும் நாரெதிஸ்டிரோனும் சேர்த்த மாத்திரைக்கு 2022-இலும் அனுமதி கொடுத்தது. இரண்டாவதன் ஆய்வுகளில் மாதவிடாய் வலி நன்றாகக் குறைந்தவர்கள் 75 சதவீதம். மருந்தே இல்லாத மாத்திரை போட்டவர்களிலும் 27 முதல் 30 சதவீதம் பேருக்குக் குறைந்தது. டாக்டர் எழுதினால், கிடைக்குமா, விலை என்ன என்று கடையில் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் கிடைக்காமல் போனால் கஷ்டம்.

டனசால் என்ற பழைய மருந்தை யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள். குரல் தடிக்கும், முகத்தில் முடி வளரும். இப்போது வழிகாட்டிகள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மகளுக்கு 17 வயது. கல்யாணமாகாத பிள்ளைக்குக் கர்ப்பத்தடை மாத்திரை கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மாத்திரைக்கு இரண்டு வேலை, கருத்தடையும் வலியைக் குறைப்பதும். அவளுக்குத் தேவை இரண்டாவது மட்டும். பிற்காலத்தில் கருத்தரிப்பதைக் கெடுக்காது. எலும்பு இன்னும் வளரும் வயது என்பதால் எந்த மருந்து என்பதில் டாக்டர் கவனமாக இருப்பார். மெடிக்கலில் சீட்டைப் பார்த்து முகத்தைப் பார்ப்பார்கள் என்று பயந்தால் நீங்களோ அப்பாவோ போய் வாங்குங்கள். மணமாகாதவர்களுக்கு வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் எடுப்பார்கள். உள்ளே விட்டு எடுக்கும் ஸ்கேனுக்கு மறுப்புச் சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு.

கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்கிறார்களே?

கர்ப்பமாக இருக்கும்போது சிலருக்கு வலி தணியும், பிறகு பலருக்குத் திரும்பும். வலிக்கு மருந்தாகக் கர்ப்பம் தரிக்கச் சொல்லக் கூடாது என்றே ஈஷ்ரே வழிகாட்டி சொல்கிறது. வலியோடு ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து, தாம்பத்தியமே வேதனையாகி, “பிள்ளையும் இல்லை” என்ற பேச்சும் சேர்ந்து கேட்க வைப்பதை வைத்தியம் என்று எப்படிச் சொல்வது?

இப்போதே குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தில் உள்ள ஹார்மோன் மருந்துகள் உங்களுக்கு இல்லை. இவை கருத்தரிப்பைக் கூட்டுவதில்லை, போடும் காலம் வரை தள்ளிப்போடவே செய்யும். அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள், வழி வேறு.

நோன்பு மாதத்தில் மாத்திரையை என்ன செய்வது?

தினம் ஒன்றுதான் என்பதால் நோன்பு திறந்த பிறகோ சஹரிலோ ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஊசிக்கும் சுருளுக்கும் இந்தக் கேள்வியே இல்லை. கறை படுவதுதான் தொழுகைக்கும் நோன்புக்கும் குழப்பம் தரும். புது மருந்தை ரமலானுக்கு நாலைந்து மாதம் முன்பே தொடங்கினால் அதற்குள் கறை அடங்க வாய்ப்பு அதிகம். மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டுபவர்களுக்கும் இதே யோசனைதான்.

மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். படகில் குமட்டல் வருபவர்கள் இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இருப்பதில்லை. இரண்டு மாதம் நிறுத்தி வைக்கலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில். வீட்டில் முதலில் நிற்பது பெண்ணின் மருந்துதான். நிறுத்தினால் வலி திரும்பும், மறுபடி தொடங்கும்போது கறை படுவதும் முதலிலிருந்து தொடங்கும். வாங்கும் சக்தி விட்டு விட்டு இருக்கும் வீடு என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி, இலவசமாகக் கிடைக்கும் மாலா-என், அந்தரா, அல்லது ஒரே தடவைச் செலவான சுருள் பொருந்துமா என்று பாருங்கள். மக்கள் மருந்தகத்திலும் 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லி விசாரித்தால் விலை குறைய வாய்ப்புண்டு.

எத்தனை வருடம் போடுவது?

பலன் இருந்து, பக்கவிளைவு தாங்கும்படி இருந்தால் குழந்தை வேண்டும் வரையோ மாதவிடாய் நிற்கும் வயது வரையோ தொடரலாம், இடையிடையே பரிசோதனையோடு. எந்த மருந்துக்கும் மூன்று மாதமாவது கொடுங்கள். மூன்று மாதக் காலண்டரில் கோடு குறையவில்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்லுங்கள். மாற்றுவது தோல்வி இல்லை, ஒருவருக்கு ஆவது இன்னொருவருக்கு ஆகாது.

பேசாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால்?

நம் மாவட்டத்தில் இந்த யோசனை கொஞ்சம் சுலபமாகவே வாயில் வருகிறது. நோய் இருப்பது கருப்பைக்கு வெளியே. கருப்பையை மட்டும் எடுத்து, குடல் மேலும் சினைப்பையிலும் உள்ளதை விட்டுவிட்டால் வலி தொடரலாம். சினைப்பையையும் எடுத்தால் 35 வயதில் மாதவிடாய் நின்ற உடம்பு, அதன் எலும்பும் இதயமும் சேர்ந்த தொல்லைகள். எல்லா மருந்தும் பார்த்து, குழந்தை போதும் என்று முடிவான பிறகு, இந்த நோயில் பழக்கமுள்ள அறுவை நிபுணரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. மதுரைக்குப் போய் இரண்டாவது கருத்துக் கேட்க ஒரு நாள் பயணம் ஆகும், அதைச் செலவாக நினைக்காதீர்கள். அறுவை சிகிச்சை என்று முடிவானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு அது வருமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு உதவி மேஜையில் முதலிலேயே கேளுங்கள்.

உளுந்தங்களி, வெந்தயம், கருப்பட்டி?

சாப்பிடுங்கள், நல்ல உணவு. சுடுதண்ணீர் ஒத்தடம் வலிக்கு உண்மையிலேயே இதம் தரும், இபுப்ரோஃபென், மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளும் உணவுக்குப் பின் உதவும். அல்சர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் போட வேண்டாம். வெளியே வளர்ந்த திசுவை இவற்றில் எதுவும் அடக்காது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, முன்பில்லாத கடுமையான தலைவலி, பார்வை மங்குவது என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சாக்லேட் கட்டி இருப்பவருக்குத் திடீரென்று வாந்தியோடு தாங்க முடியாத வயிற்றுவலி, காய்ச்சல் என்றாலும் அப்படியே. சுருள் வைத்தவருக்கு நாள் தள்ளிப்போய் ஒரு பக்க வயிற்றுவலி என்றால் கருக்குழாயில் கர்ப்பமா என்று பார்க்க வேண்டும். உயிரை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் அதுவும் அவசரம்தான், மருந்தின் விளைவாகவும் இருக்கலாம், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போவது?

பழைய ஸ்கேன் தாள்கள், இதுவரை போட்ட மருந்தின் காலி அட்டைகள், காலண்டர் தாள். கடைசி மாதவிடாய் தேதி. குழந்தை எப்போது வேண்டும் என்பதற்கு ஒரு பதில், அது “இன்னும் தெரியலை” என்றாலும் சரி. கணவரையும் கூட்டிப் போங்கள். தாம்பத்திய வலி பற்றி அவர் முன்னால் பேசத் தயக்கமாக இருந்தால், முதலில் தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லுங்கள், அவரை வெளியே உட்கார வைப்பார்கள்.